மைசூர்க் கிளையின் இரு தலைவர்கள்

தொட்டையன் ஒரே ஆள்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் வருகிற படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், மைக் பிடித்தவர்கள் யாருமே கடைசி வரைக்கும் அதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவில்லை.

சொந்த ஊர் ஹனூர் பக்கம். மைசூர் விமான நிலையத்தில் பதினோரு வருட வேலை. விமானம் வந்து நின்றதும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். பெட்டிகளை இறக்க வேண்டும். நடக்க முடியாதவர்கள் இறங்குவதற்குச் சாய்வுப் பலகையைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவோடு பொருத்த வேண்டும். காலையில் கபினி ஏர் என்ற கம்பெனியின் விமானம் ஒன்று வரும். மாலையில் பொன்னி ஏர்வேஸ் விமானம் ஒன்று வரும். ஒரு விமானத்துக்காக ஒரு முழு ஆளை வைத்துக்கொள்ள இரண்டு கம்பெனிக்குமே மனசு வரவில்லை. ஆகவே காலையில் நீலச் சட்டை போட்டுக் கபினிக்கும், மாலையில் ஆரஞ்சுச் சட்டை போட்டுப் பொன்னிக்கும் தொட்டையன் அரை அரை நாளாக உழைத்தார். இரண்டு இடத்திலும் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்புக் கடிதம் வரும். அது வருவதற்கு முந்தின பத்து நாளும் அவர் மனைவி மகேஸ்வரி சரியாகச் சாப்பிடமாட்டாள்.

இரண்டு கம்பெனி என்றால் இரண்டு சங்கம் இருக்கத்தானே வேண்டும்? கபினி ஊழியர் முன்னேற்றச் சங்கத்தின் பொதுச்செயலாளர் முரளிதரன். பொன்னி ஊழியர் ஒற்றுமைச் சங்கத்தின் பொதுச்செயலாளர் கணேஷ்குமார். இருவரும் பெங்களூரில் இருந்தார்கள். முன்னொரு காலத்தில் ஒரே கம்பெனியில், ஒரே சங்கத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள். ஓர் ஆயுத பூஜையன்று, பெட்டி வண்டி இழுக்கும் டிராக்டருக்கு முன்னால் பூசணிக்காய் உடைப்பது தலைவரா செயலாளரா என்று தகராறு வந்தது. சங்க விதிகளில் பூசணிக்காய் பற்றி ஒரு வரியும் இல்லை. இருவரும் ஒரே காயைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார்கள். கை வழுக்கிக் காய் உடைந்தது, சங்கமும் உடைந்தது. இந்த மும்முரத்தில் அந்தக் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள் என்பது இருவருக்கும் தெரிய மூன்று நாள் ஆயிற்று.

மைசூரில் இருந்த மற்றவர்கள் எல்லாம் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரி வகை. தொழிலாளி என்று இருந்தவர் தொட்டையன் மட்டும்தான். ஆகவே கபினி சங்கத்தின் மைசூர்க் கிளைத் தலைவர் அவர். பொன்னி சங்கத்தின் மைசூர்க் கிளைத் தலைவரும் அவர். இரண்டு தேர்தலிலும் அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஓட்டுப் போடவும் வேறு யாரும் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இரண்டு கம்பெனியும் ஒன்றாகச் சேரப்போகிறது என்ற செய்தி வந்தது. சொல்வதற்கென்று தலைமை அலுவலகத்திலிருந்து ஜீவிதா வந்தார். மனிதவள அதிகாரி. முப்பது வயதுதான் இருக்கும். தமிழ் வீட்டுப் பெண்தான், ஆனால் கன்னடத்தில் யோசித்து இங்கிலீஷில் வடிகட்டித் தமிழில் ஊற்றுவார். விமான நிலையத்தின் சின்ன அறையில் அதிகாரிகளோடு தொட்டையனையும் உட்காரவைத்துப் பேசினார்.

"இது மெர்ஜர்னு யாரும் நினைக்கக்கூடாது. நரசீபுரத்துல கபினியும் காவேரியும் சேருது அல்வா, இல்லையா, அதே மாதிரி இது ஒரு சங்கமம். அதனாலதான் புதுக் கம்பெனிக்கு சங்கமா ஏர்னு பேர். சங்கமத்துல ஒரு சொட்டுத் தண்ணிகூட வேஸ்ட் ஆகாது. ஆனா ஒண்ணு பாருங்க, ரெண்டு ஆத்துக்கு நாலு கரை. சேர்ந்த பிறகு ரெண்டு கரை போதும். மீதி ரெண்டு கரை சர்ப்ளஸ். அதுக்காக ஆறு அழுமா? அழாது."

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அவர் சொன்னதுதான் தொட்டையனுக்கு முக்கியம். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்த தற்காலிக ஊழியர்கள் அனைவரும் நிரந்தரம் ஆவார்கள். மைசூரில் தொழிலாளிக்கு ஒரு நிரந்தர இடம். ஓர் இடம், ஓர் ஆள். ஹனூரில் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். தொட்டையன் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். மகேஸ்வரி சேமியா பாயசம் வைத்தாள். பெர்மனெண்ட் ஆனால் பத்தாவது முடித்த மகள் தமிழ்ப்ரியாவைப் பியூசியில் சேர்க்கலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தார்கள்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. மைசூரில் தொட்டையன் என்ற கபினி ஊழியர் ஒருவரும், தொட்டையன் என்ற பொன்னி ஊழியர் ஒருவரும் உள்ளனர். இடம் ஒன்று என்பதால் ஒருவர் உபரி. யார் என்பது சங்கங்களுடன் பேசி முடிவு செய்யப்படும்.

தொட்டையன் ஜீவிதாவுக்குப் போன் போட்டார்.

"மேடம், ரெண்டும் நாந்தானுங்க."

"எனக்குத் தெரியும் சார். போட்டோகூட ஒண்ணேதான். ஆனா சிஸ்டம்ல ரெண்டு எம்ப்ளாயி நம்பர் இருக்கு. ஒரு நம்பரை எடுக்கணும்னா அவர் ரிசைன் பண்ணணும், இல்லைன்னா இறந்து போகணும்."

"அப்ப ஒண்ணுல ரிசைன் பண்ணிடறனுங்க."

"பேச்சுவார்த்தை முடியறவரைக்கும் ரிசைன் பண்ண முடியாது சார். ஃப்ரீஸ் போட்டிருக்கு."

"அப்ப இன்னொண்ணுதானுங்களா?"

"அதுக்கு ஃபார்ம் இருக்கு. அனுப்பட்டுமா?"

சங்கம் எதற்கு இருக்கிறது, தொழிலாளிக்கு ஒரு துன்பம் என்றால் ஓடி வரத்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஓடித்தான் வந்தார்கள். முரளிதரன் மறுநாளே காரில் வந்து, விமான நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் தொட்டையனை உட்காரவைத்தார்.

"சார், நான் ஒரே ஆளுங்க. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா முடிஞ்சுதுங்க."

முரளிதரன் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெல்லப் பேசுப்பா. புதுக் கம்பெனியில ஒரு சங்கத்துக்குத்தான் அங்கீகாரம். தலை எண்ணப் போறாங்க. எங்க கிட்ட நூத்தம்பத்தேழு, அவன் கிட்டயும் நூத்தம்பத்தேழு. நீ ஒரே ஆளுன்னு வெளியில தெரிஞ்சா உன்னை யார் கணக்குல வைக்கறதுன்னு கேள்வி வரும். அவன் கணக்குல வெச்சுட்டா என் கதை ஆய்த்து."

"நான் உங்க பக்கமே இருக்கறனுங்க."

"நீ இருப்பே. அந்தத் தொட்டையன் அவன் பக்கம் இருக்கானே."

"அதும் நாந்தானுங்க, சாமி."

"அவனை நம்பாதே," என்றார் முரளிதரன், தோளைத் தட்டி.

சாயங்காலம் அதே கடையில், அதே பெஞ்சில் கணேஷ்குமார் வந்து உட்கார்ந்தார். அவரிடமும் தொட்டையன் சொன்னார். கணேஷ்குமார் உணர்ச்சிவசப்பட்டார். "ஒரு தொழிலாளி இல்லவே இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? நீ இருக்கே தொட்டையா. அவனும் இருக்கான். நாம அவனை ஜெயிக்கணும், அஷ்டே, அவ்வளவுதான்." டீக்கு இருவருமே காசு கொடுக்கவில்லை. கிளைத் தலைவர் கொடுத்தார்.

அதற்குப் பிறகு, அந்த ஓர் இடம் கபினித் தொட்டையனுக்கே வேண்டும் என்று கபினி சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. மைசூர்க் கிளை முழுதாக வேலைநிறுத்தத்தில் இறங்கியது, அதாவது தொட்டையன் நீலச் சட்டையுடன் விமான நிலைய வாசலில் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொன்னி சங்கம் வேலைநிறுத்தம் செய்யவில்லை. பொன்னி விமானம் நாலரைக்கு வரும். நாலு மணிக்குத் தொட்டையன் கொடியை வேலியில் சாய்த்து வைத்துவிட்டு, ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போகப் போனார். வாசல் காவலுக்கு இருந்த மல்லம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"ஏன்ப்பா, காலைல இருந்து யாரையும் உள்ள விடாதேன்னு கத்தினது நீதானே?"

"நாந்தானுங்க்கா."

"இப்ப நீயே உள்ள போனா, உன்னை நான் தடுக்கணுமா, விடணுமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் இரண்டு சங்கத்தின் விதிப்புத்தகத்திலும் இல்லை. கடைசியில் மல்லம்மா விட்டாள். இந்தக் கதையில் மூளையை உபயோகித்த முதல் ஆள் அவள்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் கபினி சங்கத்தின் சுற்றறிக்கை வந்தது. "போராட்டத்தின் முதுகில் குத்திய பொன்னிக் கருங்காலி தொட்டையனை மைசூர்த் தொழிலாளர் வர்க்கம் மன்னிக்காது" என்று அதில் இருந்தது. மைசூர்த் தொழிலாளர் வர்க்கம் அதை இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டியது. ஒட்டுவதும் அவர் வேலைதான். இன்னும் ஒரு கட்டளையும் வந்தது. கபினி கிளைத் தலைவர் நேரில் சென்று பொன்னி கிளைத் தலைவரிடம் கண்டனக் கடிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, படம் எடுத்து அனுப்ப வேண்டும். மல்லம்மாதான் படம் எடுத்தாள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கியதைப் பார்த்து முரளிதரன் பதில் அனுப்பினார்: "அவன் முகத்தில் குற்ற உணர்ச்சி தெரிகிறது. நன்று."

பேச்சுவார்த்தை மைசூரிலேயே ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. மற்ற ஊர்ச் சிக்கல்கள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன. எழுபத்திரண்டு பேரை வெளியூருக்கு மாற்றுவதற்கும், பன்னிரண்டு பேரின் இரவுப் படியை வெட்டுவதற்கும் இரண்டு சங்கமும் ஒரு மூச்சில் சம்மதித்தன. ஏனென்றால் அவை இரண்டு பக்கமும் சரிசமமாக விழுந்தன. மைசூர்தான் மலையாக நின்றது. முதல் நாள் யார் கதவுப் பக்கம் உட்காருவது என்று பேசினார்கள். இரண்டாம் நாள் காபி முதலில் எந்தப் பக்கம் வருவது என்று பேசினார்கள். ஜீவிதா பொறுமையாகக் குறிப்பெடுத்தார். அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை, ஹோட்டல் சாப்பாடு நன்றாக இருந்தது.

மேஜையின் இரண்டு பக்கமும் தொட்டையன் என்று பெயர் எழுதிய அட்டை இருந்தது. கபினி பக்கம் பேசும்போது அவர் அந்தப் பக்கம் உட்கார வேண்டும். பொன்னி பக்கம் பேசும்போது எழுந்து சுற்றி வந்து இந்தப் பக்கம் உட்கார வேண்டும். பதினோரு வருடம் பெட்டி தூக்கியபோது வராத மூட்டு வலி மூன்று நாளில் வந்தது.

மூன்றாம் நாள் ஜீவிதா விதியை வாசித்தார். பின்னால் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். கபினித் தொட்டையன் பதினோரு வருடம். பொன்னித் தொட்டையன் ஒன்பது வருடம். ஆகவே பொன்னித் தொட்டையன் உபரி.

தொட்டையனுக்கு மூச்சு வந்தது. அப்படியானால் கபினித் தொட்டையனுக்கு வேலை நிரந்தரம். எந்தச் சட்டையாக இருந்தால் என்ன, வீடு ஒன்றுதானே? அவர் வாய் திறந்து சரி என்று சொல்வதற்குள் கணேஷ்குமார் எழுந்துவிட்டார்.

"ஒத்துக்கவே முடியாது! பொன்னித் தொழிலாளியோட ரத்தத்துல கபினிக்காரன் பெர்மனெண்ட் ஆகறதா? இந்தத் தொட்டையனோட குடும்பம் தெருவுல நிக்கறதா? இவனுக்கு மகள் இருக்கா, பியூசி சேரணும்!"

"எங்க தொட்டையனுக்கும் மகள் இருக்கா," என்றார் முரளிதரன். "அவளும் பியூசிதான்."

தொட்டையன் எழுந்தார். இத்தனை பெரிய ஆட்கள் முன்னால் அவர் பேசியதே இல்லை.

"சாமிங்களே, ஒரு நிமிசம். நான் ஒரே ஆளுங்க. எம் பொண்டாட்டி ஒருத்திதான், எம் புள்ள ஒருத்திதான். இந்தா பாருங்க, ரெண்டு காலு, ஒரு தலை. அவன் போனாலும் இவன் போனாலும் எனக்கு ஒண்ணுதானுங்க. யாரையோ ஒருத்தனை வெச்சுக்கோங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன், ரெண்டுல ஒண்ணை வெச்சுக்கோங்க."

ஜீவிதாவின் பேனா நின்றது. இதோ, ஒரு மனிதர் தன் உண்மையைச் சொல்லிவிட்டார், இனி யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது என்றுதான் நானும் நினைத்தேன்.

"அவர் இப்போ எந்தப் பக்கமா நின்னு பேசினார்?" என்று கேட்டார் ஜீவிதா. "மினிட்ஸ்ல எழுதணும்."

தொட்டையன் நின்றது இரண்டு பக்கத்துக்கும் நடுவில், மேஜை முனையில், காபி வைக்கிற இடத்தில். அங்கே நிற்பவருக்குப் பேச உரிமை இல்லை என்று இரண்டு சங்கமும் ஒருமனதாகச் சொல்லின. மைசூர் விஷயத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் தீர்மானம் அதுதான். அந்த ருசி இருவருக்கும் பிடித்துவிட்டது போலிருக்கிறது. வெளியே போய் முக்கால் மணி நேரம் தனியாகப் பேசினார்கள். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

முரளிதரன் மைக்கைப் பிடித்தார். "தோழர்களே, இன்னிக்கு வரலாறு. ஒரு தொழிலாளியோட வேலை போறது பெரிய விஷயம் இல்லை. அது எதிர்ச் சங்கத்துக்குப் போயிடக்கூடாது, அதுதான் கொள்கை. ஆகவே தொழிலாளர் ஒற்றுமைக்காக நாங்க ஒருத்தரைத் தியாகம் பண்றோம். அவங்களும் ஒருத்தரைத் தியாகம் பண்றாங்க. இப்ப நூத்தம்பத்தாறு, நூத்தம்பத்தாறு. ரெண்டு சங்கமும் சேர்ந்து ஒரே சங்கம். ரெண்டு பொதுச்செயலாளர்."

"ரெண்டு பேருக்கும் கம்பெனி செலவுல ஆபீஸ்," என்று கணேஷ்குமார் நினைவூட்டினார்.

"காரும்," என்றார் முரளிதரன்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கபினித் தொட்டையனுக்கு முரளிதரன் சந்தன மாலை போட்டு, மைசூர்ப் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகையைக் கட்டினார். பொன்னித் தொட்டையனுக்குக் கணேஷ்குமார் இன்னொரு சந்தன மாலை போட்டார். இரண்டாவது பேட்டாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதல் பேட்டாவின் மேலேயே வைத்தார்கள். ஒப்பந்தத்தில் இரண்டு கிளைத் தலைவர்களும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தொட்டையன் பேட்டாவைப் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்திலும் போட்டார். மறுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சுற்றிலும் நாற்பது பேர் உங்களுக்காகக் கைதட்டிக்கொண்டு நிற்கும்போது மறுத்துப் பாருங்கள், தெரியும்.

சங்கமா ஏரின் முதல் விமானம் மறுவாரம் மைசூரில் இறங்கியது. கட்டை வைக்க ஆள் இல்லை. அரை மணி நேரம் விமானி என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலமே ஆள் சப்ளை செய்யும் காண்டிராக்டர் மாணிக்கவாசகம் தொட்டையனுக்குப் போன் செய்தார்.

"நாளைக்குக் காலைல வாய்யா. பச்சைச் சட்டை தர்றேன். தினக்கூலி. காலையும் நீதான், சாயங்காலமும் நீதான்."

"எத்தனை மாசத்துக்குங்க?"

"மாசமெல்லாம் கேக்காதே. நாளைக்கு வா."

தொட்டையன் போனார். பழைய சம்பளத்தில் பாதிதான். இருந்தாலும் அதே பலகை, அதே கட்டை, அதே வெயில். மகளைப் பியூசியில் சேர்க்கப் பணம் கட்ட ஒரு மாதத் தவணை கேட்டுக் கல்லூரியில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு மாதம் வேலை ஓடினால் போதும் என்று மகேஸ்வரி சொன்னாள். இருபத்திரண்டு நாள் ஓடியது.

இருபத்து மூன்றாம் நாள் காலையில் விமான நிலைய வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெங்களூரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். புதுச் சங்கத்தின் புதுக் கொடி. பந்தலின் முகப்பில் ஓர் ஆள் உயரப் படம். இரண்டு பேட்டா, இரண்டு மாலையோடு தொட்டையன். கீழே பெரிய எழுத்தில், "தியாகி தொட்டையனுக்கு நீதி வேண்டும்! அவர் இடத்தில் நுழைந்த காண்டிராக்ட் ஆளை வெளியேற்று!"

தொட்டையன் பச்சைச் சட்டையோடு படத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு ஓடிப்போய் இரண்டு பொதுச்செயலாளர்களின் நடுவில் நின்றார்.

"சார், அந்தக் காண்டிராக்ட் ஆளு நாந்தானுங்க."

கணேஷ்குமாரின் முகம் மாறியது. "உன் வேலையை எவனோ பறிச்சுட்டான்னு நாங்க வெயில்ல நிக்கறோம். நீ அவனுக்கு சப்போர்ட்டாப் பேசறியா?"

"அவன் எவனும் இல்லீங்க. இருவத்திரண்டு நாளா நாந்தான் போறேன். எம் புள்ளைக்குப் பீஸ் கட்டணுமுங்க. வேண்டாமுங்க, இந்தப் போராட்டம் வேண்டாமுங்க."

"தொட்டையா," என்றார் முரளிதரன் மிகுந்த பரிவோடு, "நீ நல்லவன். அதனாலதான் உன்னை எல்லாரும் ஏமாத்தறாங்க. நீ போய் நிழல்ல உட்காரு. உனக்காக நாங்க போராடறோம்."

கோஷம் கிளம்பியது. தொட்டையனை நிழலில் உட்காரவைத்து, குளிரக் குளிர மோர் கொடுத்தார்கள். அவர் குடித்தாரா என்று நான் கவனிக்கவில்லை. எனக்கே ஆத்திரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பதினொன்றரைக்கு ஜீவிதா காரில் வந்து இறங்கினார். பந்தலுக்குள் போனார். இருபது நிமிடத்தில் வெளியே வந்தார்.

"சங்கத்தோட கோரிக்கையை மேனேஜ்மெண்ட் முழுசா ஏத்துக்கிட்டது," என்று மைக்கில் சொன்னார். "காண்டிராக்ட் ஆளை இன்னிக்கே எடுத்தாச்சு. வேற ஊரிலிருந்து ஒரு மெஷின் வருது. கட்டை அதுவே வைக்கும்."

பட்டாசு வெடித்தார்கள். இரண்டு பொதுச்செயலாளர்களையும் தோளில் தூக்கினார்கள். தொட்டையன் ஜீவிதாவின் கார் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், அப்ப என்னைத் திரும்ப எடுத்துக்கறீங்களா?"

ஜீவிதா கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார், அந்த மட்டில் நல்ல பெண். "வெளியேத்தணும்னுதான் சார் கோரிக்கை. உங்களை எடுக்கணும்னு அவங்க கேக்கலையே."

மத்தியானச் சமையலுக்கு மகேஸ்வரி அரிசி களைந்துகொண்டிருந்தபோது தொட்டையன் வீட்டுக்குள் வந்தார். கழுத்தில் புதுச் சங்கம் போட்ட மாலை ஒன்று இருந்தது.

"ஏனுங்க, வேலை நேரத்துல வந்துட்டீங்க? என்னாச்சுங்க?"

"நமக்கு நீதி கெடச்சிருச்சு மகேசு," என்றார் தொட்டையன். "நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க."